ஒரு லட்சம் கேட்டவர்

குரூப்பை விட்டு வெளியே வந்து தனியா முதல் ஆல்பம் போடுறது எந்தப் பாடகருக்கும் ரிஸ்க்தான். சோல் இசை கேட்கிறவங்களுக்கு, இம்ப்ரஷன்ஸ் குழுவை விட்டு வந்து கர்டிஸ் மேஃபீல்ட் 1970-ல் போட்ட முதல் ஆல்பம் தெரிஞ்சிருக்கும். அதுக்கு 35 வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தர் இந்த ரிஸ்க்கை எடுத்திருக்கார். கே.பி.சுந்தராம்பாள். டிவியில பார்த்த அவ்வையார் பாட்டின்னு மட்டும்தான் நானும் நினைச்சிருந்தேன்.

அரியலூர்ல இருந்து திருச்சி போய் ஈரோடு ரயில் பிடிச்சா, கரூர் தாண்டி கொடுமுடி வரும். 1908-ல் அங்கே பிறந்தார். வீட்டுல வறுமை. சின்ன வயசுல ரயில்ல பாடி காசு வாங்கியவரை, அந்தக் குரல்தான் நாடக மேடைக்குக் கொண்டு போச்சு.

மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில உட்கார்ந்தவருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையாலேயே பாடணும். அதே மாதிரி உச்சத்துல பாடுற இன்னொருத்தர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. இலங்கையில ரெண்டு பேரும் மேடையில ஜோடி சேர்ந்தாங்க. 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 1927-ல் கல்யாணம். ஆனா கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிறந்த குழந்தை சில நாள்ல இறந்தது. மனக்கசப்பு, பிரிவு. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பாவும் இறந்துபோனார். வயசு முப்பதைத் தொடலை.

சுந்தராம்பாளுக்கு அப்போ 25. நம்மளை விட நாலு வயசுதான் கூட. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தார்.

அப்போதான் சினிமாக்காரங்க தேடி வந்தாங்க. ஓடிப் போயிடுவாங்கன்னு நினைச்சு ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். ஒரு பவுன் 30 ரூபாயைத் தொடாத காலம். கணக்குப் போட்டா 3,000 பவுனுக்கு மேல! அவங்க சரின்னுட்டாங்க.

படம் 'நந்தனார்', 1935. ஜோடியே தேவைப்படாத கதை. வேஷமும் ஆண் வேஷம். பாட்டையும் விடலை, முடிவையும் மாத்திக்கலை.

ஆனா படம் எதிர்பார்த்த மாதிரி போகலை. படத்துல பனைமரமும் எருமையும்தான் நல்லா நடிச்சிருக்குன்னு கல்கி விமர்சனத்துல கிண்டலடிச்சார். இவ்வளவு சம்பளம் வாங்கி முதல் படமே இப்படின்னா, நாமளா இருந்தா ரூம் கதவைச் சாத்தியிருப்போம்.

அவர் கச்சேரி மேடையிலும், காங்கிரஸ் மேடையிலும் பாடிக்கிட்டே இருந்தார். 1951-ல் சட்ட மேலவை உறுப்பினர். 1953-ல் 'அவ்வையார்'. 'துணைவன்' பாட்டுக்கு 1969-க்கான தேசிய விருது கிடைச்சபோது வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. 1980-ல் மறைந்தார். கடைசி வரைக்கும் வெள்ளைப் புடவைதான். ஜோடி வேஷம் கட்டவே இல்லை.

இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல அவர் பாட்டு ஒண்ணு கேட்டுப் பாருங்க. வால்யூமை மட்டும் கொஞ்சம் குறைச்சு வைங்க. மைக் இல்லாமலே கடைசி வரிசையைத் தொட்ட குரல் அது.