கைகளால் கேட்ட மருத்துவர் ஹெலன் டௌசிக்

பரிசளிப்பு விழா என்றால் பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. தோரணம், ஒலிபெருக்கி, புதுச் சட்டை, மேடை நிறையப் பரிசுப் பொட்டலங்கள். பெயர் வாசிக்க வாசிக்க மேடையேறும் பிள்ளைகளைக் கண்டு பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். அதே மண்டபத்தில், பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம்ம பிள்ளைக்கு மட்டும் படிப்பு ஏறலையே என்று அவர்கள் மனதுக்குள் குமைவது யாருக்கும் கேட்பதில்லை.

பரிசு வாங்கிய செல்வங்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் இந்தக் கட்டுரை, முக்கியமாக, பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய ஒரு சிறுமி, பின்னாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்த வரலாறு இது.

படிப்பு ஏறாத பிள்ளை

ஹெலன் டௌசிக் 1898-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பிராங்க் டௌசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேர் பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். தாயாரும் கல்லூரியில் படித்தவர். புத்தகம் நிறைந்த வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் புத்தகம் வசப்படவில்லை. எழுத்துகள் அவள் கண்முன் குழம்பின. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தையே முடித்துவிடுவார்கள்.

இது சோம்பல் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் வாசிப்புக் குறைபாடு. அந்தக் காலத்தில் ஆசிரியர்களிலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. மக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள்.

ஹெலனுக்குப் பதினொரு வயதானபோது தாயார் காசநோயால் இறந்துபோனார். அதே நோய் மகளையும் தொற்றியது. அதனால் பள்ளிப் படிப்பு மேலும் பின்தங்கியது. போதாக்குறைக்கு, சிறுவயதில் வந்த கக்குவான் இருமல் அவள் செவிகளைப் பழுதாக்கியிருந்தது.

இந்த இடத்தில் தந்தையார் செய்த காரியத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பெரிய பேராசிரியர், எத்தனையோ வேலை உள்ளவர். ஆனாலும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அடிக்கவில்லை, பிற பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஏசவில்லை. அவர் கொடுத்த அந்த நேரம்தான் பின்னாளில் ஒரு மருத்துவரை உலகுக்குத் தந்தது. ஹெலன் மெல்ல மெல்ல வாசிப்பைக் கைப்பற்றினார். ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்து, பிறகு கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1921-இல் பட்டம் பெற்றார்.

மூடியிருந்த கதவுகள்

மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஹெலனின் ஆசை. ஆனால் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. வேண்டுமானால் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஒரு பாடத்துக்குப் போனபோது, ஆண் மாணவர்களோடு சேர்ந்து உட்காராமல் ஒரு மூலையில் தனியே உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கல்லூரி 1945-இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.

பட்டம் கிடைக்காத இடத்தில் காலத்தைக் கழிப்பானேன் என்று அவர் போஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு படித்தார். அங்கே ஒரு பேராசிரியர் அவர் கையில் ஒரு மாட்டின் இதயத்தைக் கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்றார். அன்று கையில் வாங்கிய இதயத்தை அவர் தம் ஆயுள் முழுவதும் கீழே வைக்கவில்லை என்றே சொல்லலாம். அதே பேராசிரியரின் யோசனைப்படி, பெண்களைச் சேர்த்துக்கொண்ட பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1927-இல் மருத்துவரானார். 1930-இல் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவு அவர் பொறுப்பில் விடப்பட்டது.

நீலக் குழந்தைகள்

அந்தப் பிரிவுக்கு வந்தவர்களில் சில குழந்தைகளை வேறு மருத்துவர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். வழியே இல்லாத நோய் என்று கைவிடப்பட்டவர்கள். அவர்களுடைய உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். உடனே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார்கள், அப்படி உட்கார்ந்தால்தான் கொஞ்சம் சுகம். நீலக் குழந்தைகள் என்று அவர்களுக்குப் பெயர். பலர் பிஞ்சிலேயே கருகிப் போனார்கள்.

ஏன் இந்த நீலம்? நம் இதயத்தின் வலப்பக்கம், உடலெங்கும் ஓடிக் களைத்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றிச் செக்கச் செவேலென்று ஆகி, இடப்பக்கம் வந்து, உடலெங்கும் பாய்கிறது. இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கும். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டையும் இருக்கும். ஆகவே பிராணவாயு ஏறாத ரத்தம் அந்த ஓட்டை வழியே நேராக உடலுக்குப் போய்விடும். இன்னும் இரண்டு கோளாறுகளும் சேர்ந்து மொத்தம் நான்கு என்பதால், இதை ஃபாலோ நாற்கோளாறு என்பார்கள். ஃபாலோ என்பது அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர்.

இதய மருத்துவருக்குச் செவிதான் முதல் கருவி. ஆனால் முப்பது வயதைத் தாண்டியதும் டௌசிக் அம்மையாரின் செவிகள் மேலும் மந்தமாகிவிட்டன. மற்றொருவராக இருந்தால் தொழிலையே விட்டிருப்பார். அம்மையாரோ உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றார். குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்து, துடிப்பையும் அதிர்வையும் விரலாலேயே உணரப் பழகினார். எக்ஸ்ரே திரைக்கு முன்னால் குழந்தையைப் பல கோணங்களில் திருப்பி, இதயத்தின் வடிவத்தைக் கவனித்தார். இறந்துபோன குழந்தைகளின் இதயங்களையும் பார்த்து, உயிரோடிருந்தபோது தாம் கணித்தது சரிதானா என்று ஒப்பிட்டார். இப்படி வருஷக்கணக்கில் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து செய்த ஆராய்ச்சி அது.

அதில் ஓர் உண்மை தெரிந்தது. கருவிலிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயத்தருகே ஒரு சிறு இணைப்புக் குழாய் உண்டு. பிறந்தபின் அது தானாக மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் சிலர், அந்தக் குழாய் திறந்திருக்கும்வரை ஓரளவு நன்றாக இருந்தார்கள். அது மூடியதும் மோசமானார்கள். ஏனென்றால் அந்தக் குழாய்தான் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அப்படியானால், மூடிய குழாய்க்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை அமைத்தால் என்ன?

1938-இல் போஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர், மூடாமல் இருந்த அத்தகைய குழாயைக் கட்டி மூடிக் காட்டினார். அம்மையார் அவரிடம் போய், மூடத் தெரிந்த நீங்கள் ஒன்றைப் புதிதாக அமைத்துத் தரமுடியாதா என்று கேட்டார். அவர் அதில் ஈடுபாடு காட்டவில்லை. அம்மையார் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் கேள்வியைக் கைவிடவில்லை.

பெயர் விடுபட்ட தோழர்

1941-இல் ஆல்பிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார். தம்முடன் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞரையும் அழைத்து வந்தார். தாமஸ் தச்சுத் தொழிலாளியின் மகன். தாமும் தச்சு வேலை பார்த்தவர். கல்லூரிக்கென்று காசு சேர்த்து வைத்திருந்தார். வயிற்றுப்பாட்டுக்காக 1930-இல் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காக 1930-இல் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அறுவை நுணுக்கத்தை ஆய்வுக்கூடத்திலேயே கற்றுக்கொண்டார். செய்தது ஆராய்ச்சியாளர் வேலை. பதிவேட்டில் எழுதியிருந்ததோ துப்புரவுப் பணியாளர் என்று. சம்பளமும் அதற்கேற்றதுதான்.

1943-இல் டௌசிக் அம்மையார் இவ்விருவரிடமும் தம் கேள்வியை வைத்தார். தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் ஒரு குழாயைத் திருப்பி இன்னொன்றோடு பொருத்துவது போல, ரத்தக் குழாயைத் திருப்ப முடியாதா என்பது அவர் கேள்வி. கைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயை நுரையீரலுக்குப் போகும் குழாயோடு தைப்பதை, வேறு நோக்கத்துக்காக அவர்கள் முன்பே நாய்களில் செய்து பார்த்திருந்தார்கள். அன்று அந்தச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இப்போது அதுவே வழியாகியது. தாமஸ் ஏறக்குறைய 200 நாய்களில் முயன்று, முறையைச் செப்பனிட்டார்.

1944 நவம்பர் 29-ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று அறுவை மேசையில் கிடத்தப்பட்டது. எடை ஐந்து கிலோகூட இல்லை. பிளேலாக் கத்தியைப் பிடித்தார். தாமஸ் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, ஒவ்வொரு தையலுக்கும் யோசனை சொன்னார். டௌசிக் அம்மையாரும் அருகில் இருந்து பார்த்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் சில மாதங்களில் மறுபடி நோய் கண்டு, இரண்டு வயது நிறையுமுன் இறந்துபோனது. அந்தத் துயரத்தை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எனினும் வழி திறந்துவிட்டது. 1945-இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்தபோது, நீல உதடு மேசையிலேயே சிவந்ததை எல்லாரும் கண்டார்கள். செய்தி பரவியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல நாடுகளிலிருந்தும் பெற்றோர் பால்டிமோருக்கு ஓடிவந்தார்கள். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கே இந்த அறுவை நடந்தது.

1945-இல் வெளிவந்த கட்டுரையில் பிளேலாக், டௌசிக் பெயர்கள் இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. நிறத்தைப் பார்த்து உழைப்பை எடைபோட்ட காலம் அது. 1971-இல் அவர் ஓவியம் மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது. 1976-இல் கௌரவ டாக்டர் பட்டம் தரப்பட்டது. 1985-இல் அவர் காலமானார். இன்று பல மருத்துவர்கள் அந்த அறுவையை மூவர் பெயராலும் அழைக்கிறார்கள். உழைத்தவன் பெயர் தாமதமாகலாம், அழிந்துபோவதில்லை.

மற்றுமோர் ஆபத்து

1947-இல் பிறவி இதயக் கோளாறுகள் பற்றி அம்மையார் எழுதிய நூல், அத்துறைக்கே அடித்தளமாயிற்று. படிக்கத் திணறிய பெண் எழுதிய புத்தகத்தை மருத்துவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். ஆனாலும் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு 1959-இல்தான் கிடைத்தது.

1962 ஜனவரியில், அவரிடம் பயின்ற ஜெர்மன் மருத்துவர் ஒருவர் கவலையான செய்தி கொண்டுவந்தார். ஜெர்மனியில் கையும் காலும் வளராத குழந்தைகள் ஏராளமாகப் பிறக்கின்றன என்பதே அது. அறுபத்து மூன்று வயதில் அம்மையார் உடனே அங்கே புறப்பட்டார். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார், மருத்துவர்களை விசாரித்தார். கர்ப்பிணிகள் மசக்கைக்கும் தூக்கத்துக்கும் சாப்பிட்ட தாலிடோமைட் என்ற மாத்திரைதான் காரணம் என்று அங்கே கண்டறியப்பட்டிருந்தது. உலகில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அது முடமாக்கியது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, போதிய சான்று இல்லை என்று அந்த மருந்துக்கு அனுமதி தராமல் நிறுத்தி வைத்திருந்தார். அம்மையார் திரும்பிவந்து நாடெங்கும் பேசினார், எழுதினார், நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அவ்வாண்டே அமெரிக்காவில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

1963-இல் ஓய்வு பெற்றார். 1964-இல் அந்நாட்டு அதிபரிடமிருந்து சுதந்திரப் பதக்கம் பெற்றார். 1965-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஓய்வுக்குப் பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. முன்பு தாம் பார்த்த குழந்தைகள் வளர்ந்து எப்படி வாழ்கிறார்கள் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்து வந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசி நாட்களில் பறவைகளின் இதயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986 மே 20-ஆம் நாள், நண்பர்களை வாக்களிக்க அழைத்துச் சென்ற பயணத்தில் கார் விபத்தில் காலமானார். எண்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நான்கே நாட்கள் இருந்தன.

நமக்குச் சொல்வது

பெற்றோர்களே, பிள்ளை மெதுவாகப் படித்தால் மக்கு என்று முத்திரை குத்திவிடாதீர்கள். வேலை முடிந்து களைத்துத்தான் வருகிறீர்கள். தெரியாதா என்ன? ஆனாலும் இரவில் கால்மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எழுத்து தொடர்ந்து குழம்பினால் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கைவிடத் தேவையில்லாத நோய் அது இன்று.

மாணவச் செல்வங்களே, ஒரு கதவு மூடினால் ஹெலன் அடுத்த கதவைத் தட்டினார். செவி மூடியபோது கைகளால் கேட்டார். இன்று உன் பெயர் மேடையில் வாசிக்கப்படவில்லையா? போகட்டும். நாளைக்குக் காலையில் புத்தகத்தை எடு. எழுத்து எழுத்தாகக் கூட்டு. நேரமானால் ஆகட்டும்.