காலரா நஞ்சைக் கண்டறிந்தவர்

குழந்தைகளே! 2022ஆம் ஆண்டு நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக் காரைக்காலில் காலரா பரவியது. அந்நோயின் ரகசியத்தை உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? சம்பு நாத் டே!

இவர் 1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தார். 1949இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, கொல்கத்தா திரும்பினார். அங்கே காலரா பலரைப் பலி கொண்டது.

காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை டே வடிகட்டினார். கிருமியே இல்லாத அந்தத் தெளிநீரை முயலின் குடலில் செலுத்தினார். குடலில் நீர் நிரம்பி வீங்கியது! கிருமி வெளியிடும் நஞ்சுதான் உடலின் நீரை இழக்கச் செய்கிறது என 1959இல் வெளியிட்டார்.

பிற்பாடு அந்த நஞ்சு தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் தீங்கற்ற பகுதியைச் சேர்த்துத் தடுப்பு மருந்தும் வந்தது. நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருளை நம் உடலே உருவாக்க அது உதவுகிறது.

நோபல் பரிசு பெறாமலே 1985இல் டே மறைந்தார். நீங்கள் அவரை மறக்காதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்!