வாக்கில்லாதவர்க்காக வாதாடியவர்

தோழர்களே! தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி வீதி வீதியாகச் செல்பவர்கள் நீங்கள். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, எந்தச் சந்தில் எத்தனை தலை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்தத் திருவண்ணாமலையிலே, இலட்சோபலட்சம் பேர் மலையைச் சுற்றி நடக்கும் அந்தப் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையிலே, அடி அண்ணாமலையில் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே போனால் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிடலாம். அங்கே மனிதர் உண்டு, வாக்கு இல்லை. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களின் முகாம் அது.

அவர்களை அகதிகளாக்கியது எது? குண்டு என்பார்கள். 1983 ஜூலைக் கலவரம் என்பார்கள். பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. தமிழக முகாம்களில் வாழ்வோரில் ஏறத்தாழ 30,000 பேர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டத்திலே உழைக்க இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். குண்டு விழுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டு விட்டார்கள். ஒரே ஒரு சட்டத்தால், ஒரு துளி மையால்! அந்த அநீதியை அன்றே கண்டவர், அதற்காகத் தன் கட்சியையும் பதவி வாய்ப்பையும் உதறியவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் ஈழத் தமிழர் தந்தை செல்வா என்று அழைத்தனர். ஈழத்துக் காந்தி என்று போற்றினர். அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் பிறந்தது யாழ்ப்பாணத்திலன்று. மலாயா நாட்டு ஈப்போவில், 1898 மார்ச் 31-ஆம் நாள். பிழைக்கக் கடல் கடந்த குடும்பம். நான்கு வயதிலே தாயோடு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்தார். அங்கும், பின்னர் யாழ் நகரிலும், கொழும்பிலும் படித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை இருபது வயதிலே பெற்றார். கொழும்பில் ஆசிரியரானார். சாகக் கிடந்த உடன்பிறந்தானைப் பார்க்க விடுப்புக் கேட்டார், நிர்வாகம் மறுத்தது, வேலையை விட்டெறிந்தார். வேறு பள்ளியில் பணி செய்துகொண்டே சட்டம் பயின்றார். நீதிமன்றம் ஏறினார். உரிமை வழக்குகளிலே கொழும்பின் முன்னணி வழக்கறிஞர்களில் ஒருவரானார். பணம் வந்தது, பெயர் வந்தது. சுகவாசியாக வாழ்ந்து மறைந்திருக்கலாம்.

அவரிடம் நம் மேடைகளில் முழங்கும் குரல் கிடையாது. மெலிந்த உடல், மெல்லிய குரல். ஆண்டுகள் செல்லச் செல்லச் செவியும் மங்கிற்று. நடுக்கு நோய் கைகளை ஆட்டிற்று. கிறித்தவர் அவர். ஆனால் அவரைத் தலைவராக ஏற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவர்கள். மதம் கேட்டு மனிதனை அளக்காத மக்கள், மனம் பார்த்து அளந்தார்கள்.

1944-இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தலைமையில் தமிழ்க் காங்கிரசு தோன்றியபோது அதில் சேர்ந்தார். 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலே இலங்கை விடுதலை பெற்றது. விடுதலைக் கொடி ஏறிய அதே ஆண்டில், அந்நாட்டுச் செல்வத்தையெல்லாம் தங்கள் முதுகிலே சுமந்த மக்களின் குடியுரிமை இறங்கிற்று!

அந்தச் சட்டத்தின் சூழ்ச்சியைக் கேளுங்கள். இலங்கையின் குடிமகன் என்று சொல்ல வேண்டுமா? உன் தந்தை இலங்கையில் பிறந்தான் என்று காட்டு. முடியாதா? உன் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு. சான்று எங்கே? பத்திரம் எங்கே? தோட்டத்து லயத்திலே, பத்தடி அறையிலே, மருத்துவச்சி கையிலே பிறந்தவனுக்குப் பத்திரம் யார் எழுதினார்? தேயிலைச் செடிக்குக் கணக்கு இருந்தது. கொழுந்தின் எடைக்குக் கணக்கு இருந்தது. கூலிக்காரன் பிறப்புக்குக் கணக்கு இல்லை. திருச்சியிலிருந்தும், புதுக்கோட்டையிலிருந்தும், இராமநாதபுரத்திலிருந்தும், சேலத்திலிருந்தும், நம் வட ஆர்க்காட்டிலிருந்தும் போன ஏழைகளின் பிள்ளைகள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஒரே வீச்சில் நாடற்றவரானார்கள்.

ஏன் இந்த வஞ்சனை? 1947 தேர்தலில் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். உழைப்பவன் வாக்கு ஆளவந்தாரின் கண்ணை உறுத்திற்று. குடியுரிமை போனதும் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதியாக ஒருவர்கூட அந்த மன்றத்தில் இல்லை.

இங்கேதான் செல்வநாயகம் நிமிர்ந்து நிற்கிறார். 1948 ஆகஸ்டில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரசு எதிர்த்தது. அடுத்த மாதமே அதன் தலைவர் அமைச்சரானார். டிசம்பரில், இந்திய, பாக்கித்தானியர் குடியுரிமை பற்றிய இரண்டாம் மசோதா வந்தது. தலைவர் அரசின் பக்கம் நின்றார். செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மலையகத் தொழிலாளி காங்கேசன்துறையின் வாக்காளனா? இல்லை. அவனால் செல்வநாயகத்துக்கு ஒரு வாக்காவது கிடைக்குமா? கிடைக்காது. யாழ்ப்பாணத்து வசதி படைத்தோர் பலருக்கு அவன் தோட்டக் கூலி, தூரத்து மனிதன். அவனுக்காகப் பேசினால் ஆதாயம் இல்லை. பேசாமல் இருந்தால் அமைச்சரவையோடு உறவு உண்டு. ஆனாலும் அவர் பேசினார். இன்று இவர்களுக்கு நேர்வது நாளை நம் எல்லோருக்கும் நேரும் என்று எச்சரித்தார். அடுத்தவன் வீட்டுக் கூரையில் பற்றிய நெருப்பைத் தன் வீட்டு நெருப்பென்று கண்ட தலைவர் அவர்.

கு. வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் ஆகியோரோடு வெளியேறி, 1949 டிசம்பர் 18-ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதற்கு யாழ்ப்பாணத்து மக்கள் உடனே மாலை சூட்டினார்களா? இல்லை. 1952 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். செல்வநாயகமே தோற்றார். தோற்றவர் துவளவில்லை. ஊர் ஊராக நடந்தார்.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அவருடைய எச்சரிக்கை பலித்தது. நேற்று மலையகத் தமிழன் குடியுரிமை; இன்று எல்லாத் தமிழனின் மொழியுரிமை! அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் தமிழரசுக் கட்சிக்குப் பத்து இடங்கள் தந்தார்கள். ஜூன் 5-ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலில் அறப்போருக்கு அமர்ந்தார்கள் அவரும் தோழர்களும். காலிக் கூட்டம் பாய்ந்து தாக்கிற்று. கிழக்கே கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டனர்.

1957 ஜூலை 26-இல் பிரதமர் பண்டாரநாயக்காவுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், வட்டார சபைகள் என்றெல்லாம் அதில் இருந்தன. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி விரைவில் ஆராயப்படும் என்ற வாசகமும் அதில் ஏறிற்று. தன் தொகுதிக்குப் பேரம் பேசப் போனவர், தொகுதியே இல்லாதவனை மறக்கவில்லை. ஆனால் 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாயிலில் குந்தினார்கள். பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதத்தில் தீ மூண்டது. கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தன. பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். சொந்த நாட்டிலேயே அகதி! அடி வாங்கியவர்களுக்குக் கப்பல். அவர்களின் தலைவருக்கு வீட்டுக்காவல். இதுதான் அன்றைய ஆட்சியின் நீதி.

1961-இல் மீண்டும் அறப்போர். வடக்கு கிழக்கில் அரசு அலுவலகங்களின் வாயிலில் மக்கள் அமர்ந்தார்கள். இராணுவம் வந்தது. செல்வநாயகமும் தோழர்களும் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

1964 அக்டோபர் 30-இல் டில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம்! 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பங்கிடுவோர்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் அமைத்து வேலை தந்தது.

1965-இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. 1972-இல் தமிழகம் வந்தார் செல்வநாயகம். தந்தை பெரியாரைக் கண்டார். அன்றைய முதலமைச்சர் கலைஞரைக் கண்டார். ஈழத் தமிழரின் நிலையை எடுத்துரைத்தார். அவ்வாண்டு மே மாதம் இலங்கையின் புதிய அரசியல் சட்டம் தமிழருக்கு இருந்த சிறு பாதுகாப்பையும் பறித்தது. அக்டோபரில் தன் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, மக்களைக் கேட்போம் வாருங்கள் என்று அரசுக்கு அறைகூவல் விடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைத்தேர்தலை நடத்தாமல் இழுத்தடித்தது அரசு. 1975 பிப்ரவரியில் நடத்தியபோது 16,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றார் அந்த முதியவர்.

அவருடைய முதுமையிலே தமிழர் கட்சிகள் ஒரே கூட்டணியாயின. அன்று அரசின் பக்கம் நின்ற பொன்னம்பலம் ஒரு பக்கம், மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் மறுபக்கம், நடுவே செல்வநாயகம். 1948-இல் அறுந்த கயிறு மீண்டும் முடிச்சிடப்பட்டது. 1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தனி நாட்டுத் தீர்மானம் நிறைவேறிற்று. அதற்கு மலையகத் தலைமை உடன்படவில்லை. 1977 ஏப்ரல் 26-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், தந்தை செல்வா கண் மூடினார்.

அவர் மறைந்த நான்காம் மாதமே, 1977 ஆகஸ்டில், கலவரம். மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கே காடு திருத்திக் குடியேறினார்கள். 1983-க்குப் பின் அங்கும் போர் வந்தது. படகேறி இராமேசுவரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கினார்கள். எந்த மண்டபம் தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் அவர்களுடைய பாட்டன்மாரைத் தோட்டத்துக்கு அனுப்புமுன் நோய் இருக்கிறதா என்று நிறுத்திச் சோதித்த அதே மண்டபம்! பாட்டன் கூலியாகப் போன வழியே பேரன் அகதியாக வந்தான்.

செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். முகாம் பிள்ளைகளுக்குக் கல்வி, நோயாளிக்கு மருந்து, பெண்களுக்குத் தொழில் என்று அது பணி செய்தது. தந்தை வாதாடிய மக்களுக்குத் தனயன் தொண்டு செய்தார்.

தமிழக அரசும் தன் பங்கைச் செய்து வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. இடிந்த குடிசைகளுக்குப் பதில் 7,469 வீடுகள் என்றது. மாத உதவியைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், பெரியவருக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவருக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அன்றைய கணக்குப்படி 58,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள்.

அரிசி வந்தது, வீடு வந்தது, பெயர் மாறியது. குடியுரிமை? அது டில்லியின் கையில் இருக்கிறது. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் செய்தார்கள். பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் என்று மூன்று நாடுகளை எழுதியவர்களின் பேனா, இராமேசுவரத்துக்கு எதிரே கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள இலங்கையை எழுத மறுத்தது. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை. நல்லது. ஆனால் குற்றவாளி அல்ல என்பது வேறு. குடிமகன் என்பது வேறு.

ஆகவே, தோழர்களே, தந்தை செல்வாவுக்கு மாலை போடுவதோடு கடமை தீராது. வாக்கில்லாதவன் வாசலுக்கு நீங்கள் போக வேண்டும். இந்திய மண்ணிலே 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 2022-இல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டது இதன்படிதான். அப்படிப் பிறந்தவர் நம் மாவட்ட முகாம்களில் எத்தனை பேர்? அவர்களிடம் பிறப்புச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் எந்த அலுவலகத்தில் கிடைக்கும்? ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு போய் எழுதுங்கள். வழக்கறிஞர் தோழர்கள் மனு எழுதித் தரட்டும். பாட்டன் ஊர் எது என்று கேளுங்கள். செங்கமோ, போளூரோ என்று ஒரு கிழவர் சொன்னால், அந்த ஊர்ப் பதிவேட்டைப் புரட்டுங்கள். பத்திரம் இல்லை என்று சொல்லித்தானே 1948-இல் அவர்களைத் துரத்தினார்கள்? அந்தப் பத்திரத்தைத் தேடிக் கொடுப்பது நம் வேலை.

அவர்களால் நமக்கு ஒரு வாக்கும் கிடைக்காது. செல்வநாயகத்துக்கும் கிடைக்கவில்லை.