கோகிலா கிளாரிந்தா ஆன வரலாறு

நம் விழுப்புரம் சந்திப்பில் இரவு இரயிலேறினால் விடிந்ததும் திருநெல்வேலியில் இறங்கலாம். அப்படித்தான் ஒரு கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையிலுள்ள என் அத்தை வீட்டிற்குச் சென்றேன். அங்கே பழமையான ஒரு தேவாலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். கிறிஸ்தவ ஆலயத்துக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வியந்தேன். அத்தை சொன்ன வரலாற்றை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நாம் அறியவேண்டியவர் என்று எனக்குத் தோன்றியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டு வந்தனர். அங்கு வாழ்ந்த உயர்குடி மராட்டிய அந்தணப் பெண் கோகிலா. இளமையிலேயே கணவரை இழந்தார். கணவரின் சிதையில் அவரையும் ஏற்ற முனைந்தபோது, லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். உடன்கட்டை ஏறுவதைத் தடுக்கும் சட்டம் வங்காளத்தில் 1829-இலும், நம் சென்னை மாகாணத்தில் 1830-இலும்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு நடந்தது இது.

உயிர் தப்பியது. ஆனால் திரும்பிப்போக வீடு ஏது? அந்நியர் கை பட்டவளை உறவினர் வாசற்படி ஏறவிடமாட்டார்கள். கோகிலா அந்த அதிகாரியின் வீட்டிலேயே தங்கினார். நாளடைவில் அவருடைய மனைவியைப் போலவே வாழலானார். திருமணம் மட்டும் நடக்கவில்லை.

இது பிழையான வாழ்வு என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். நானும் மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு அவர் வேறு யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை.

லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கிறிஸ்துவைப் பற்றியும் அவரே முதலில் சொல்லிக்கொடுத்தார். கோகிலாவின் உள்ளம் அதில் ஒன்றியது. அக்காலத்தில் சுவார்ச்சு ஐயர் என்னும் ஜெர்மானியப் போதகர் தஞ்சையில் பணிபுரிந்தார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர் தமிழும் மராத்தியும் நன்கு அறிந்தவர். கோகிலா அவரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஓர் ஆணுடன் வாழ்பவருக்குத் தர இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். எனக்கு இதில் சற்றுக் கோபம்தான். மணந்துகொள்ளாத அந்த அதிகாரிமீது அல்லவா முதற்குற்றம்! கோகிலாவோ கோபித்துக்கொண்டு விசுவாசத்தை விட்டுவிடவில்லை.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றலானபோது கோகிலாவும் உடன் சென்றார். அங்கே அதிகாரி இறந்துபோனார். மீண்டும் ஒருமுறை கைம்பெண் போலானார் கோகிலா. முதல் முறை மறுக்கப்பட்ட நாணம் யாருக்கும் இருக்கும். ஆயினும் அவர் மறுபடியும் கேட்டார். 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ச்சு ஐயர் இம்முறை மறுக்கவில்லை. கிளாரிந்தா என்னும் பெயரில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார்.

பிறகு அவர் செய்தவைதான் என்னை மிகவும் கவர்ந்தன. ஊரார் ஏசியிருக்கக்கூடும். அதற்காக அவர் ஒளிந்து வாழவில்லை. ஏழைகளுக்கு உதவினார். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். தண்ணீருக்குக் கிணறு வெட்டினார். 1780-இல் அவ்வூர்ச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் முதற்பெயர் கிளாரிந்தா. பல சாதியாரும் அந்த நாற்பதுக்குள் இருந்தார்கள். பிறர் தொட்ட தண்ணீரைத் தொடாத வீட்டில் பிறந்தவர் அவர்களோடு ஒரே இடத்தில் முழந்தாளிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பின்னர் அவர் முன்னின்று ஓர் ஆலயம் கட்டினார். ஆங்கில அதிகாரிகளும் உதவினர். 1785-இல் சுவார்ச்சு ஐயரே வந்து அதை அர்ப்பணித்தார். ஒருகாலத்தில் யாருக்கு மறுத்தாரோ, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே ஐயர் நின்று செபித்தார். அன்று ஐயரின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை சிரித்தார்கள். மக்களுக்குப் போதிக்கச் சத்தியநாதன் என்னும் உபதேசியாரையும் ஐயர் அனுப்பிவைத்தார்.

கிளாரிந்தா அம்மையார் 1806-இல் காலமானார் என்பர். பிற்காலத்தில் அ. மாதவையா அவருடைய கதையை ஆங்கில நாவலாக எழுதி 1915-இல் வெளியிட்டார்.

நான் பார்த்தபோது ஆலயக் கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்றே ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.