ஓதிக் கொடுப்பதை நிறுத்திய உஸ்தாது

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், குராஸான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்தார்கள். தகப்பனார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்பர். அவர் தம் இரு புதல்வர்களையும் கையிலிருந்த சொற்பப் பணத்தையும் சூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து வபாத்தானார். பணம் தீர்ந்ததும், சாப்பாடாவது கிடைக்கட்டும் என்று நண்பர் பிள்ளைகளை மதரஸாவில் சேர்த்தார். வயிற்றுக்காகத் தொடங்கிய ஓதல் அது.

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் ஓதித் தேர்ந்தபின், 1091-ல் வஜீர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவுக்கு உஸ்தாதாக நியமித்தார். முந்நூறு மாணவர்கள், அரண்மனையிலும் மரியாதை.

1095-ல் இமாமவர்கள் தம் நிய்யத்தைத் தாமே தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஓதிக் கொடுப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, பேருக்கும் பதவிக்குமே என்று கண்டார்கள். ஆறு மாதம் மனப் போராட்டம். பாடம் சொல்ல வாய் திறந்தால் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்து நோய் என்று வைத்தியர்கள் கைவிட்டனர். குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மீதிப் பொருளைப் பங்கிட்டார்கள். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு டமாஸ்கஸ் சென்று தனித்திருந்தார்கள்.

அக்காலத்தில் எழுந்ததே இஹ்யா உலூமித்தீன். அதன் முதற் கிதாபிலேயே உஸ்தாதின் கடமைகள் வருகின்றன. மாணவனைப் பெற்ற பிள்ளையாகப் பார்க்க வேண்டும். அவன் அறிவு தாங்குமளவே புகட்ட வேண்டும். தவறைக் குறிப்பால் திருத்த வேண்டும். பிற உஸ்தாதின் பாடத்தை இழித்துப் பேசலாகாது. சொல்லும் அமலும் முரண்படக் கூடாது. ஓதிக் கொடுப்பதற்குக் கூலி நாடாதிருத்தலும் அவற்றுள் ஒன்று. இதைப் படித்துவிட்டு நம் மதரஸா நிர்வாகிகள் சம்பளத்தைக் குறைக்கக் கிளம்பிவிட வேண்டாம்! ஆலிம் தம் பிள்ளைகுட்டிகளுக்காக வக்பு சொத்திலிருந்து பெறுவது ஆகும் என்று எழுதியவர்களும் இதே இமாம்தான். உஸ்தாதை அமர்த்தும்போது அவர் ஓதிய கிதாபுகளை மட்டுமே விசாரிக்கிறோமே, அங்குதான் நாம் தவறுகிறோம். அவர் நடையையும் குணத்தையும் யார் விசாரிக்கிறார்கள்?

நிஜாமுல் முல்க்கின் மகனார் வற்புறுத்தவே, 1106-ல் இமாமவர்கள் நைஸாபூர் மதரஸாவில் மீண்டும் ஓதிக் கொடுத்தார்கள். முன்பு தாம் கற்பித்தது பதவியைத் தேடித்தரும் கல்வி, இப்போது கற்பிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்பது அவர்களின் கருத்து. பின்னர் தூஸுக்கே திரும்பி, வீட்டருகில் மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் சூபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 505-ல் (1111) அங்கேயே வபாத்தானார்கள்.