பிரான்சிஸ் ஸ்பிரிங்

சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் (1849 – 1933) அயர்லாந்தைச் சேர்ந்த குடிசார் பொறியியலாளர் ஆவார். 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தார். சென்னைத் துறைமுகத்தின் வாயிலை மாற்றியமைத்தவர் என்றும், கணித மேதை இராமானுசனுக்கு உதவியவர் என்றும் அறியப்படுகிறார்.

தொடக்க காலம்

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்ற ஸ்பிரிங், இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்து இரயில்வே துறையில் பணியாற்றினார். பாலங்களுக்கு அருகே ஆற்றின் போக்கை நெறிப்படுத்தும் கரைகள் குறித்து 1903 இல் இவர் எழுதிய நூல் பொறியியலாளர்களிடையே புகழ் பெற்றது.

சென்னைத் துறைமுகம்

சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளும் பயணிகளும் மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தனர். 1875 இல் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வில்லியம் பார்க்ஸ் என்பவரின் திட்டப்படி, கல் குவியலின் மீது கான்கிரீட் கட்டிகள் அடுக்கப்பட்டன. பணி முடியும் நிலையில், 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களைப் பெரிதும் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. எனினும் வாயில் கிழக்கு நோக்கியே இருந்தமையால், அலைகள் நேராக உள்ளே புகுந்தன. வாயிலருகே மணலும் படிந்தது.

ஸ்பிரிங் பழைய சுவர்களைக் கைவிடவில்லை. கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கு மூலையில் புதிய வாயிலைத் திறந்து, அதனைக் காக்கத் தனியாக ஓர் அலைத்தடுப்புக் கையையும் அமைத்தார். இதனால் துறைமுகத்தின் உட்பகுதி அமைதியடைந்து, கப்பல்கள் அணைகரையிலேயே நின்று சரக்கு இறக்க வழி ஏற்பட்டது.

மணல் நகர்வு

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர்கள் இதனைத் தடுத்ததால் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய மீனவர் பகுதிகளில் கரை அரிக்கப்பட்டது. அலையைத் தடுக்கும் சுவர் மணலையும் தடுக்கும் என்பதற்குச் சென்னை இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. வடசென்னைக் கரையைக் காக்கப் பின்னர் கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அமைக்க வேண்டியதாயிற்று.

இராமானுசன்

1912 மார்ச்சில் இராமானுசன் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு பணியாற்றிய நாராயண ஐயர் மூலம் அவருடைய திறமையை அறிந்த ஸ்பிரிங், 1913 இல் சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைக்கவும், 1914 இல் அவர் கேம்பிரிட்ஜ் செல்லவும் துணை நின்றார்.

மறைவு

ஸ்பிரிங் 1919 இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, 1933 இல் காலமானார்.