வீட்டிலும் சீர்திருத்தம் செய்த கோ.சா.

மேடையில் சாதியைச் சாடிவிட்டு, தம் வீட்டுக் கல்யாணத்தில் சாதி பார்த்த சீர்திருத்தக்காரர்கள் உண்டு. அவர்கள் மனத்தில் இருந்தது நல்லெண்ணமாகவே இருக்கலாம். தமிழவேள் கோ. சாரங்கபாணிக்கு அப்படிச் சலுகை காட்ட வேண்டியதில்லை. அவர் மணந்தது ஒரு சீனப் பெண்ணை.

1903ல் திருவாரூரில் பிறந்து, 1924ல் சிங்கப்பூர் வந்தவர் கோ.சா. பெரியாரின் கொள்கையில் பற்றுக்கொண்டு தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் உழைத்தார். 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசைத் தொடங்கினார். சிராங்கூன் சாலைக் கடைக்காரரும் மலாயா ரப்பர் தோட்டத் தொழிலாளியும் அதை வாசித்தனர்.

அவர் பகுத்தறிவாளர். ஆனாலும், 1952ல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது யாருடைய பக்தியையும் அவர் சோதிக்கவில்லை. பொங்கலை ஒட்டி இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். கோ.சா. மனத்தில் கடவுளுக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது, அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று போராடினார். போராட்டத்தோடு நிற்காமல், தமிழ் நூலகத்துக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். நகரத்தாரோடு தோட்டப்புறத் தமிழர்களும் தங்கள் சொற்பக் கூலியிலிருந்து கொடுத்தார்கள். வெறும் பேச்சாளரை நம்பி அவர்கள் காசு கொடுத்திருப்பார்களா?

கோ.சா. 1974 மார்ச் 16 அன்று மறைந்தார். அந்தத் துறை கோலாலம்பூரில் இன்றும் தமிழ் கற்பிக்கிறது.